கான்ஃபிக் (மென்பொருள் அமைப்பு) ஆவணம் எங்கே இருக்கிறது? தமிழ்99 கேள்வியில் தொடங்கிய இழை

ஆகஸ்ட் 31, 2025 (வாசகர் கேள்வி)

டெபியன் 13 என்ற லினக்ஸ் போட்டேன், கேடிஈ டெஸ்க்டாப். தமிழ்99 விசைப்பலகை சில செயலிகளில் வருகிறது, சிலவற்றில் ஆங்கிலமே விழுகிறது. தேடியதில் ஏழு பக்கம் கிடைத்தது, ஏழும் ஏழு விதம். ஒன்றில் மூன்று வரியை ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் அதே மூன்று வரியை வேறு கோப்பில். மற்றொருவர், தமிழ் உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்ஸையே தூக்கிவிடச் சொல்கிறார். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஓப்பன் சோர்ஸில் மென்பொருள் எழுத ஆள் இருக்கிறது, அதை எப்படி அமைப்பது என்று எழுத ஆளில்லை. ஆவணமே கிடையாது என்பதுதான் உண்மை. இருக்கிறது என்பவர்கள் எங்கே என்று காட்டுங்கள்.

செப்டம்பர் 1

ஆவணம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. முதலில் மேன் பக்கம், அதாவது டெர்மினலில் மேன் என்ற கட்டளை காட்டும் கையேடு. அடுத்தது, யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் டாக் என்று ஒன்று இருக்கும், அது. அப்புறம், பல மென்பொருள்கள் தாங்கள் இப்போது என்ன அமைப்பில் ஓடுகின்றன என்று தாங்களே சொல்லும். இந்த மூன்றையும் பார்க்காமல் தேடுபொறிக்குப் போவதால்தான் ஏழு பக்கம் ஏழு விதமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஒரே நாளில் முடியாது.

தமிழ்99க்கு இப்போதைக்கு அந்த மூன்று வரியே போதும். ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல், எக்ஸ்மாடிஃபயர்ஸ் என்ற மூன்று சூழல் மாறிகளுக்கும் ஐபஸ். பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையின் ஆறு கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, வருடத்துக்கு இரண்டு மூன்று புத்தகம் என்று வேலை. ஆறும் டெபியன். நான்கு வருடமாக இந்த மூன்று வரியில்தான் தமிழ் ஓடுகிறது.

செப்டம்பர் 1, இரவு

மேன் பக்கம் பற்றி. பலர் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, வேண்டியது இல்லை என்று மூடிவிடுகிறார்கள். காரணம் பிரிவு எண். கட்டளைகள் 1ஆம் பிரிவு, கோப்பு வடிவங்கள் 5ஆம் பிரிவு. ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருந்தால் எண் சொல்லாதவர்களுக்கு முதலாவதுதான் திறக்கும். கான்ஃபிக் கோப்பில் என்ன எழுதலாம் என்று தேடுகிறவருக்கு வேண்டியது 5.

எனக்கு இது க்ரான்டாபில், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் பட்டியலில், புரிந்தது. கடையில் தினமும் இரவு பதினொன்றரைக்குக் கோப்புகளைப் பிரதி எடுக்க ஒரு வரி போட்டிருந்தேன். பிரதியின் பெயரில் அன்றைய தேதி வர வேண்டும் என்பதற்காக, தேதிக் கட்டளையை விழுக்காட்டுக் குறியோடு எழுதினேன். டெர்மினலில் ஓட்டினால் சரியாக வந்தது. க்ரானில் போட்டதும் வரவில்லை. பதினோரு நாள் கழித்து ஒரு பழைய வினாத்தாள் தேவைப்பட்டபோதுதான் பிரதிக் கோப்புறை காலியாக இருந்ததைப் பார்த்தேன்.

மேன் க்ரான்டாப் என்று அடித்தால் வருவது கட்டளையின் பக்கம். அதில் இதற்குப் பதில் இல்லை. நடுவில் 5 சேர்த்து மேன் 5 க்ரான்டாப் என்று அடித்தேன். ஆறாவது புலத்தைப் பற்றிய பத்தியில் ஒரே ஒரு வாக்கியம்: விழுக்காட்டுக் குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு இல்லாவிட்டால் அது புதுவரியாக மாறிவிடும். அவ்வளவுதான். ஒரு சாய்வுக் கோடு சேர்த்தேன், அன்றிரவே பிரதி வந்தது.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்தது. கோப்பு வடிவங்களுக்கு ஐந்தாம் பிரிவு என்ற ஒதுக்கீடு அதிலேயே இருக்கிறது. இந்தக் கட்டளையில் இன்ன குறை உண்டு என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் 'பக்ஸ்' தலைப்பும் அப்போதிருந்தே உண்டு. ஒரு மேன் பக்கத்தைத் திறந்ததும் நான் முதலில் கடைசிக்குப் போய் அந்தத் தலைப்பைத்தான் பார்ப்பேன்.

செப்டம்பர் 3, திருத்தம்

1ஆம் தேதி நான் சொன்ன மூன்று வரி இவருக்குத் தவறு. சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேட்டவரிடம், உள்ளே நுழைந்ததும் திரை ஓரத்தில் ஏதாவது அறிவிப்பு வருகிறதா என்று கேட்டேன். "ஏதோ ஒன்று தினமும் வரும், மூடிவிடுவேன்" என்றார். மூடாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஐபஸ்ஸே எழுதி வைத்த செய்தி அது: வேலேண்டில் (திரையைக் கவனிக்கும் புதிய முறை) என்னை டெஸ்க்டாப்தான் கூப்பிட வேண்டும், கேடிஈ என்றால் கணினி அமைப்புகளில் விர்ச்சுவல் கீபோர்ட் பகுதிக்குப் போய் ஐபஸ் வேலேண்டைத் தேர்ந்தெடு, ஜிடிகே, க்யூடி மாறிகள் இரண்டையும் நீக்கு. அவர் கேட்ட பதில் முழுதும் தினமும் காலையில் அவர் கண்முன் வந்து போயிருக்கிறது.

செய்தார், வந்துவிட்டது.

எங்கள் கடையில் ஓடுவது டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப், வேலேண்டுக்கு முந்தைய பழைய எக்ஸ்11. அங்கே மூன்று வரியும் வேண்டும். அவர் வீட்டில் கேடிஈயின் பிளாஸ்மா, வேலேண்ட். அங்கே மூன்றில் இரண்டு இருக்கவே கூடாது. என் கணினிக்குப் பொருந்தும் பதிலை அவர் கணினிக்குச் சொல்லிவிட்டேன். அவர் பார்த்த ஏழு பக்கமும் இதே தவறைத்தான் செய்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் பொய் எழுதவில்லை. எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டாப், எந்தத் தேதி என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 8

டாக் கோப்புறை. நிறுவிய ஒவ்வொரு பொதிக்கும் (மென்பொருள் தொகுப்புக்கும்) அதில் ஒரு கோப்புறை உண்டு. பெரும்பாலும் உரிமமும் மாற்றப் பட்டியலும் மட்டும் இருக்கும், பார்த்துவிட்டுச் சலித்துப் போய் வந்துவிடுவோம். ஆனால் சிலவற்றில் ரீட்மீ டெபியன் என்று ஒரு கோப்பு இருக்கும். அது தங்கம். சிலது ஜிஸிப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், அதனாலேயே பலர் திறப்பதில்லை. லெஸ் கட்டளைக்கு முன்னால் ஒரு இசட் சேர்த்து ஸிலெஸ் என்று அடித்தால் அப்படியே படிக்கலாம்.

அது ஏன் முக்கியம் என்றால், மூல மென்பொருளை எழுதியவர்கள் சொல்வதும் உங்கள் கணினியில் இருப்பதும் ஒன்றல்ல. அப்பாச்சி என்ற இணைய சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகாரப்பூர்வக் கையேடு எச்டிடிபிடி டாட் கான்ஃப் என்ற கோப்பைத் திறக்கச் சொல்லும். டெபியனில் முதன்மைக் கோப்பின் பெயர் அப்பாச்சி2 டாட் கான்ஃப். தளங்களுக்குத் தனிக் கோப்புறை, அதில் இருக்கும் தளத்தை இயக்க ஏ2என்சைட் என்று தனிக் கட்டளை. இந்த ஏற்பாடு முழுவதும் டெபியன்காரர்கள் செய்தது. அதிகாரப்பூர்வக் கையேட்டை வரிவரியாகப் படித்தவருக்கும் கோப்பு கிடைக்காது. எங்கே என்ன மாற்றினோம் என்று சொல்வது இந்த ரீட்மீதான்.

ஒரு கோப்பு எந்தப் பொதியிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் டிபிகேஜி கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் பெரிய எஸ்ஸும். ஒரு பொதி எங்கெங்கே என்ன வைத்தது என்றால் பெரிய எல். இந்த இரண்டையும் கடையில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 14

மூன்றாவது வழி. இதை நீளமாக எழுதப் போகிறேன், மூன்றிலும் எனக்கு உயிரான வழி இதுதான்.

கடையின் கோப்புகளை எழுத்தாளர்கள் வந்து எடுத்துப் பார்க்க ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்திருந்தோம். முதல் வேலையாக எஸ்எஸ்எச்சில், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியில், கடவுச்சொல்லை மூடினேன், சாவிக் கோப்பு இருந்தால்தான் நுழையலாம் என்று. எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் கோப்பின் அடியில் பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன் நோ என்று எழுதினேன். சேவையை மறுபடி தொடங்கினேன். என் சாவியோடு நுழைந்து பார்த்தேன், நுழைந்தது. வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு எதற்கோ பதிவேட்டைப் பார்க்கிறேன். தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல் என்று திரை நிறைய ஓடுகிறது. ஊர்பேர் தெரியாத முகவரிகள், நிர்வாகியான ரூட் பெயரில், நிமிடத்துக்கு ஏழெட்டு. கடவுச்சொல்லை மூடியிருந்தால் இந்த வரி வரவே கூடாது. யாராவது கடவுச்சொல்லைக் கொடுக்கவும் சர்வர் அதைச் சரிபார்க்கவும் முடிகிறது என்றால்தான் தவறான கடவுச்சொல் என்று எழுதும். இரண்டு மாதம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. உடம்பு சில்லிட்டுவிட்டது.

கோப்பைத் திறந்தேன். நான் எழுதிய வரி எழுதிய இடத்திலேயே இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. நான்கைந்து பக்கம் தேடினேன், எல்லாரும் இந்த வரியைத்தான் எழுதச் சொல்கிறார்கள். கடைசியில் மேன் 5 எஸ்எஸ்எச்டி கான்ஃபிக். முதல் திரையிலேயே இருந்தது: வேறு மாதிரி சொல்லப்படாதவரை, ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் கிடைத்த மதிப்பே எடுத்துக்கொள்ளப்படும். முதலில் கிடைத்தது. கடைசியில் எழுதியது அல்ல.

டெபியனில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இன்க்ளூட் வரி ஒன்று உண்டு. பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் துண்டுக் கோப்புகளை அது முதலில் இழுத்துவிடும். அந்தக் கோப்புறையில், சர்வர் உருவானபோதே எழுதி வைக்கப்பட்ட 50 என்று தொடங்கும் ஒரு கோப்பு. அதில் ஒரே ஒரு வரி, பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன் யெஸ். அது முதலில் வந்துவிட்டது. அடியில் நான் எழுதிய நோவை யாரும் சீண்டவில்லை.

நான் பழகியிருந்தது, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. அதில் துண்டுக் கோப்புகளில் பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றிவிடும். இங்கே நேர்மாறு. இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று கற்றது எஸ்எஸ்எச்டி கட்டளைக்குப் பெரிய டி (T). ரூட் அனுமதியோடு ஓட்டினால், எல்லாக் கோப்பையும் படித்து முடித்தபின் தன் மனதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகக் கொட்டும். அதில் பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன் யெஸ் என்று பார்த்த நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என்ஜின்எக்ஸ் இணைய சர்வருக்கும் அதே பெரிய டி உண்டு, இழுத்த கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வரில் போஸ்ட்கான்ஃப் கட்டளைக்குச் சின்ன என் போட்டால், முதன்மைக் கோப்பில் தனியாக எழுதிவைத்ததை மட்டும் காட்டும். சிஸ்டம்டியில் சிஸ்டம்சிடிஎல் கேட், கூடவே சேவையின் பெயர். கோப்பில் என்ன எழுதினேன் என்று பார்ப்பதைவிட இவற்றைக் கேட்பதுதான் இப்போது என் முதல் வேலை.

செப்டம்பர் 15

மேலே எழுதியதில் ஒரு குறையை நண்பர் ஒருவர் பிடித்தார், சரிதான். கான்ஃபிக்கில் மேட்ச் பகுதி இருந்தால், அதாவது இன்ன பயனருக்கு மட்டும், இன்ன முகவரிக்கு மட்டும் என்று விதி இருந்தால், வெறும் பெரிய டி அதைக் காட்டாது. பெரிய சியும் சேர்த்துப் பயனர் பெயரைக் கொடுத்தால்தான் அந்தப் பயனருக்கு என்ன விதி என்று சொல்லும். எங்கள் சர்வரில் மேட்ச் இல்லை, அதனால் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 21

ஒருவர் செயற்கை நுண்ணறிவு அரட்டையிடம் கேட்டு வந்த எஸ்எஸ்எச் அமைப்பை ஒட்டி, சரியா என்று கேட்டிருக்கிறார். பத்து வரியில் ஒன்பது சரி. பத்தாவதில் இருக்கும் சொல்லை மேன் பக்கத்தில் தேடுங்கள், அப்படி ஒரு சொல்லே இல்லை. சின்ன டி (t) போட்டு எஸ்எஸ்எச்டியைச் சோதிக்கச் சொன்னால் அந்த வரி எண்ணோடு தெரியாத சொல் என்று சொல்லிவிடும். எங்கிருந்து எடுத்தாலும் சரி, சேவையை மறுபடி தொடங்குவதற்கு முன் இந்தச் சோதனை. தூரத்து சர்வர் என்றால் பழைய டெர்மினலை மூடாமல், புது டெர்மினலில் நுழைந்து பாருங்கள்.

செப்டம்பர் 28

தமிழ்99க்குத் திரும்புகிறேன். கடையில் தட்டச்சு செய்யும் அக்காவுக்குப் புதுக் கணினி ஒன்று அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் அழைத்தார். "தம்பி, இதில் புள்ளி வரவில்லை."

புள்ளி விசையை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "அது வருகிறது. புள்ளிதான் வரவில்லை." தொலைபேசியில் பத்து நிமிடம் பேசியும் எனக்கு விளங்கவில்லை. நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா, பக்கம் என்று அடியுங்கள் என்றேன். ப, க, க, ம, புள்ளி. ஐந்து தட்டு, ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் விழுந்தது 'பககம்'. பங்கு அடிக்கச் சொன்னேன், 'பஙகு'.

தமிழ்99இல் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். ங, க போன்ற இன எழுத்து ஜோடிக்கும் அப்படியே. தனித்தனியாக வேண்டும் என்றால் நடுவில் அ தட்ட வேண்டும். நாள் முழுக்க அடிக்கிறவருக்கு இதில்தான் பாதி வேகம். அக்கா புள்ளி வரவில்லை என்றது இந்தப் புள்ளியை.

அமைப்புப் பட்டியலில் இரண்டு தமிழ்99 இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை என்பதால் ஒன்று தமிழ்நெட்99 என்ற பெயரிலும், மற்றொன்று தமிழ்99 என்ற பெயரிலும். முதலாவது எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பின் வரைபடம். இந்த விசைக்கு இந்த எழுத்து என்று மட்டும் அதற்குத் தெரியும், முன்னால் என்ன தட்டினோம் என்று தெரியாது. இரண்டாவது எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு நூலகத்தினுடையது, ஐபஸ் வழியாக வருவது, முந்தைய தட்டை நினைவில் வைத்திருக்கும். நான் அவசரத்தில் முதலாவதை வைத்துவிட்டேன்.

இதை எந்த ஆவணம் சொன்னது? எம்17என்னின் தரவுக் கோப்பு. ஷேர் கோப்புறைக்குள் எம்17என் என்று ஒன்று, அதில் தமிழ்99க்கு ஒரு எம்ஐஎம் கோப்பு. வெறும் உரைக் கோப்புதான், லிஸ்ப் நிரல்மொழி மாதிரி அடைப்புக் குறிகளாக இருக்கும். திறந்து பத்து நிமிடம் பார்த்தால் எந்தத் தட்டுக்குப் பின் எது வந்தால் என்ன விழும் என்று தெரிந்துவிடும். அதைப் பிரதி எடுத்து வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எம்17என் டி கோப்புறைக்குள் போட்டு நம் விருப்பப்படி மாற்றவும் செய்யலாம். கையேடு இல்லாத இடத்தில் மூலக் கோப்பே கையேடு. கட்டற்ற மென்பொருளில் எனக்குப் பிடித்த விஷயம் இது, பூட்டிய மென்பொருளில் இந்தக் கதவே கிடையாது.

(எம்17என் என்பது எம்முக்கும் என்னுக்கும் நடுவே பதினேழு எழுத்து என்பதால் வந்த பெயர். மல்டிலிங்குவலைசேஷன் என்று ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள்.)

அக்டோபர் 5

"டெபியனில் ஈமேக்ஸ் உரைத்தொகுப்பி போட்டேன், அதன் கையேட்டைத் திறந்தால் இல்லை என்கிறது, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் கணினிக்குள்ளேயே இருக்கிறது என்று அடித்துச் சொன்னதற்கு இது விலக்கு.

ஈமேக்ஸை வெளியிடும் கனு (GNU) திட்டத்தின் கையேடுகள் சில, மாற்றக் கூடாத பகுதிகள் உள்ள கட்டற்ற ஆவண உரிமத்தில் வருகின்றன. மாற்ற முடியாத பகுதி இருந்தால் அது கட்டற்றது அல்ல என்று டெபியன்காரர்கள் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அதனால் ஈமேக்ஸ், ஜிசிசி (நிரல் தொகுப்பி) கையேடுகள் நான்ஃப்ரீ, அதாவது கட்டற்றதல்லாத, பகுதிக்குப் போய்விட்டன. டெபியன் 12 முதல் ஃபர்ம்வேருக்கு (வன்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருளுக்கு) மட்டும் தனிப் பகுதி வந்துவிட்டதால், வைஃபை வேலை செய்கிறவருக்குக்கூட நான்ஃப்ரீ தானாகத் திறந்திருக்காது. மென்பொருள் மூலங்களில் அதைச் சேர்த்துவிட்டு, ஈமேக்ஸ் காமன் நான்டிஎஃப்எஸ்ஜி என்ற பொதியை நிறுவுங்கள், கையேடு வந்துவிடும்.

இரு தரப்புமே சுதந்திரத்தின் பெயரில்தான் பேசினார்கள். இருந்தாலும் புதிதாக வருகிறவர் முன்னால் நிற்பது காலிப் பக்கம். அந்தக் காலிப் பக்கத்தில், எந்தப் பொதியில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 12

கடையில் முதல் கணினியை டெபியன் 13க்கு ஏற்றினேன். முடிந்து மறுபடி தொடங்கியதும் ஸ்கேன் பார்க்கும் பையன் வெளிறிப் போய் வந்தான். ஒரு பழைய நூலின் நூற்று நாற்பது பக்கத்தை ஸ்கேன் செய்து, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் வைத்திருந்தானாம். கோப்புறை காலி. மூல நூல் கொடுத்தவரிடம் திரும்பப் போய்விட்டது.

ஏற்றுவதற்கு முன் வெளியீட்டுக் குறிப்பைப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. அப்போதுதான் திறந்தேன். ஐந்தாவது அத்தியாயம், கவனிக்க வேண்டியவை. டெம்ப் இனிமேல் நினைவகத்தில் இருக்கும், நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், அணைத்தால் போய்விடும். பையனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்து இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: ஏற்றுவதற்கு முன் டெம்ப்பில் இருந்தவை அழியவில்லை, புதிய டெம்ப்புக்கு அடியில் மறைந்திருக்கின்றன, ரூட் கோப்புறையை வேறோர் இடத்திலும் காட்டும்படி பைண்ட் மவுன்ட் செய்தால் தெரியும். செய்தோம். நூற்று நாற்பதும் இருந்தன. பையன் ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினான்.

அதே அத்தியாயத்தில் இன்னொன்று. அமைப்புக் கோப்புகளை வைக்கும் ஈடிசியில் இருக்கும், கர்னல் அமைப்புக்கான சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் கோப்பை 13இல் சிஸ்டம்டி படிப்பதில்லை, பக்கத்தில் உள்ள சிஸ்சிடிஎல் டி கோப்புறையைத்தான் படிக்கும். பழைய பக்கங்கள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் எழுதச் சொல்லும். எழுதலாம், பிழைச் செய்தியும் வராது, எதுவும் நடக்காது. இப்படிப்பட்ட பிழைதான் ஆளைக் கொல்லும்.

அக்டோபர் 19

தமிழில் கணினியை வைத்திருக்கிறவர்களுக்கு. பிழைச் செய்தி தமிழில் வந்தால் அதை அப்படியே தேடினால் ஒன்றும் கிடைக்காது. கட்டளைக்கு முன்னால் எல்சி ஆல் மாறிக்கு சி என்று கொடுத்து ஓட்டுங்கள், அந்த ஒரு தடவை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும். அதைத் தேடுங்கள்.

எனக்கு இதை எழுத மனமில்லை. கணினி தமிழில் பேச வேண்டும் என்று எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்தது அது. அதனால் ஒரு வேண்டுகோள். விடை கிடைத்ததும் எழுதும்போது தமிழ்ச் செய்தி, ஆங்கிலச் செய்தி இரண்டையும் எழுதுங்கள். அடுத்து தமிழில் தேடுகிறவர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே நிறையக் கிடைக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிறு இணையச் சந்திப்பில் தமிழிலேயே கேட்கலாம்.

ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸின் விக்கியைப் பற்றிக் கேட்டவருக்கு: படியுங்கள், நானும் படிக்கிறேன். விளக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

நவம்பர் 2

உதவி கேட்பது பற்றி எழுதச் சொன்னார்கள். அக்கா கதையே போதும் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில் தவறில்லை, நான் கேட்டதில்தான் தவறு. "என்ன வரவில்லை" என்று பத்து நிமிடம் கேட்டேன், "என்ன தட்டினீர்கள், என்ன விழுந்தது" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அஞ்சல் பட்டியலில் எழுதும்போதும் அதுதான். தட்டியது, விழுந்தது, பதிப்பு எண், அப்புறம் அந்தப் பெரிய டி மாதிரிக் கட்டளையின் விளைவு. போஸ்ட்ஃபிக்ஸ்காரர்கள் தங்கள் ஆவணத்திலேயே, உதவி கேட்டால் போஸ்ட்கான்ஃப் சின்ன என்னின் விளைவை அனுப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முழுக் கோப்பையும் ஒட்ட வேண்டாம். கடவுச்சொல், முகவரி இருந்தால் மறைத்துவிடுங்கள், மறைத்த இடத்தில் மறைத்தேன் என்று எழுதுங்கள்.

ஈடிசி முழுவதையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஈடிசிகீப்பரில் வைத்திருக்கிறேன். என்ன மாற்றினேன், என்று மாற்றினேன் என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி இல்லை, என் நினைவு உட்பட.

நவம்பர் 9

அந்த இரண்டு தமிழ்99 விஷயத்தை வழுவாகப் பதிந்திருந்தேன், எது தானாகப் புள்ளி வைக்கும், எது வைக்காது என்று விளக்கத்தில் ஒரு வரி வேண்டும் என்று. வியாழக்கிழமை மென்பொருளைப் பராமரிப்பவர்களிடமிருந்து பதில் வந்தது. நல்ல யோசனை, எங்களுக்குத் தமிழ் தெரியாது, அந்த வரியை நீங்களே எழுதி அனுப்ப முடியுமா என்று.

கடையில் உட்கார்ந்து எழுதினேன். தமிழில் 'தானியங்கிப் புள்ளி வசதி கொண்டது' என்று ஒரு வரி, கீழே அதன் ஆங்கிலம். அக்கா எட்டிப் பார்த்தார். "இது யாருக்குத் தம்பி புரியும்? ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் புள்ளி தானாக விழும் என்று போடுங்கள்" என்றார். அப்படியே போட்டு, ஆங்கிலத்தையும் அதற்கேற்ப மாற்றி, நேற்று அனுப்பிவிட்டேன்.